நல்ல தண்ணீர் ஊற்றிய சக்கரம்

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஸ்டெபிக்கு,

அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே பிரெமனில் அந்த இருமல் விட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நீ சொன்ன விஷயத்தை அவரை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பேசுவது. லீவுக்கு வந்திருக்கிற ஜெனிஸ் அடுத்த வாரம் ஜெர்மனி திரும்புகிறாள், கருவாட்டோடும் மக்ரூனோடும் இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

நர்ஸ் படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று போனவள், இனி அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடப் போகிறேன், ஊருக்கு லீவில்தான் வருவேன் என்று சொன்ன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கோபமில்லை. உன் வயதில் எனக்கு அப்படி ஒரு கதவு திறந்திருந்தால் நானும் போயிருப்பேன். ஆனாலும் மேற்கேயிருந்து கச்சான் காற்று வேறு ராப்பகலாக அடிக்கிறது, ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது, புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஆபீசில் ஒரு கண்டெய்னர் நம்பரை மாற்றி அடித்து ஏச்சு வாங்கினேன். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அவரோ சாப்பிட உட்காரும்போதெல்லாம், புள்ள எந்த மாசம் வாரா, டிக்கட் போட்டுட்டாளா என்று கேட்கிறார். நான் குழம்பு ஊற்றுகிறேன்.

நடந்து பார்த்தும் இந்தத் தவிப்பு தீரவில்லை, அதனால் நீ இங்கே விட்டுப்போன சைக்கிளை எடுத்து ஆபீசுக்கு ஓட்டிப்போவோம் என்று தோன்றியது. அப்பா அதை எப்படி வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. கரைக்கு வந்ததும் வள்ளத்தின் எஞ்சினை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுவார் இல்லையா, அதே கையோடு மோட்டார் ஹோஸைப் பிடித்து உன் சைக்கிளையும் கழுவித் துடைத்து நிறுத்துவார். அடுத்த வீட்டு பேபி தன் மகளுக்கு ஒருநாள் கேட்டதற்கு, தாரேன், ஆனா சீட்ட எறக்கக்கூடாது, அது எம்புள்ள ஒசரம் என்று சொல்லிவிட்டார். அவளும் வாங்கவில்லை. பார்க்கப் புதுசு போல மின்னுகிற அந்தச் சைக்கிளை உருட்டினால் முன்சக்கரம் அம்மிக்கல் மாதிரி அரைத்தது.

அங்கே நீ ஓட்டுகிற சைக்கிளிலும் முன்னால் கரகரவென்று சத்தம் வருகிறது என்றாயே, அதற்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. சக்கரத்தின் நடுவில் இருக்கிறதே ஹப், அதற்குள் அச்சைச் சுற்றி இரண்டு பக்கமும் சின்ன இரும்புக் குண்டுகள் கிரீஸில் கிடக்கும், அவற்றின் மேல்தான் சக்கரமே உருளுகிறது. முதலில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார், ஆட்டம் இருந்தால் உள்ளே தளர்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் திருகு, மணல் நெரிபடுவது போல இருந்தால் கிரீஸ் செத்துவிட்டது. நான் சைக்கிள் கடையில் தட்டையான கோன் ஸ்பேனரை இரவல் வாங்கி, கீழே பழைய சேலையை விரித்துத் திறந்தேன். பழுப்புத் தண்ணீர்தான் முதலில் வந்தது. கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை, துருச் சேறு. குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோன் இரண்டும் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தன.

அப்பா வந்து பார்த்தார். ஹோஸில் பீய்ச்சியடித்த தண்ணீர் உள்ளே இறங்கித்தான் இப்படி ஆனது என்றேன். கடல் தண்ணியவா ஊத்துனேன், நல்ல தண்ணிதானளா ஊத்துனேன் என்றார். கடல்ல கெடக்க எஞ்சினே தாங்குது, ரோட்டுல போற சைக்கிள் தாங்காதா என்றும் கேட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து அந்தத் துருவை விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ள வாரதுக்குள்ள சரியாயிருமா என்றார். சரியாகிவிடும், அதுவரை நான் ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆர்பர் ரோட்டுல லாரிக்காரன் ஒரு ஆரன் அடிச்சாம்னா நீ சைக்கிளோட உப்பளத்துல கெடப்ப என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கோனும் புதுக் குண்டும் போட்டேன். பழையதையும் புதியதையும் கலக்கக்கூடாது. கிரீஸைத் தாராளமாக அப்பி, குண்டுகளை அதில் பதித்து, கோனைக் கையால் ஆட்டம் நிற்கும் வரை மட்டும் திருக வேண்டும். நான் தப்புச் செய்தது அதற்கப்புறம்தான். கோனைப் பிடித்துக்கொள்ளாமல், அதை மேலிருந்து பூட்டுகிற லாக் நட்டை முறுக்கினேன், கோனும் கூடவே சுற்றி இறுகிவிட்டது, சக்கரம் நகரவில்லை. தளர்த்தினால் ஆட்டம், முறுக்கினால் அரைப்பு. ஒரு ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பேனரால் நட்டை முறுக்கு. ஒரே தடவையில் வராது, எரிச்சல்படாதே.

நேற்று ஆபீசுக்கு ஓட்டிப் போனேன். சத்தமே இல்லை. சீட் உயரத்துக்கு என் கால் மட்டும் தரையில் எட்டவில்லை, நிறுத்துகிற இடத்திலெல்லாம் பெருவிரலில் நின்றேன், ஆனாலும் அதை இறக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை அப்பா கடலுக்குப் போன பிறகு சைக்கிளை எடுக்கப் போனால் சீட் இறங்கியிருந்தது. துருப்பிடித்த போல்ட்டில் எண்ணெய் விட்டிருக்கிறார், ஸ்பேனர் பக்கத்திலேயே கிடந்தது. ஏறி உட்கார்ந்தால் என் கால் சரியாகத் தரையில் பதிந்தது.

நீ திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அவராகத் தெரிந்துகொண்டதும் நீயே சொல்வதும் ஒன்றாகிவிடாது. இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அன்று கடலுக்குப் போகமாட்டார், பூசை முடிந்து வந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் போனுக்கு அடிக்காதே, அவர் போனுக்கு அடி. நான் அந்த நேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

மாதா உன்னை மழையிலும் பனியிலும் கைவிடாமல் காக்கட்டும். சைக்கிளை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஹோஸ் பிடிக்காதே. இருமலுக்குச் சுக்கு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
விஜிலா