வெள்ளி பூசிய நான்கு தட்டுகள்

மார்ச் 11, திங்கள்

இல்லை, அவளைப் பார்க்கப் போகவில்லை. துணி காயப்போடத்தான் கீழே இறங்கினேன். ராகலையில் இந்தப் பனிமூட்டத்தில் எந்தத் துணி காயும் என்று கேட்டால் பதில் இல்லை.

அப்பாவின் கராஜ் வீட்டுக்குக் கீழே, ரோட்டோரம். தங்கை தனம் லேத்துக்கு, அந்தக் கடைசல் மெஷினுக்கு, முன்னால். அப்பாவின் பழைய காக்கிச் சட்டை, கை மடித்து. அப்பாவின் மணிக்கட்டு வாதத்தில் வீங்கிய பிறகு லேத் தனத்தினுடையது. யாரும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டத்து உதவி மேலாளர், சின்னத்துரை, வந்திருந்தார். பறங்கி, ஐரோப்பியக் கலப்பு; இளைஞர். அவருடைய மொரிஸ் கார் ஜாக்கியில். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன நண்பன் விட்டுச்சென்ற அகலமான வீல்கள் நான்கு, சுவரில் சாய்த்து. மாட்டினால் உள்பக்கம் உரசுகிறதாம். உரசாமலிருக்க வீலுக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவில் அரை அங்குல இரும்புத் தட்டு. தட்டு வைத்தால் வீல் வெளியே தள்ளும், அப்போது பழைய போல்ட்டு எட்டாது. இதையெல்லாம் ஈரத் துணியோடு நின்று கேட்டேன்.

"பழைய போல்ட்டுல நட்டு மூணு சுத்துதாங்க தொரை ஏறுது. ஏழு சுத்தாவது ஏறணும். நீளமா வேற கடையணுங்க."

"தனம், நீ செய்யும்?"

"நான் செய்யும்ங்க தொரை," என்றாள், முகம் மாறாமல். அப்பா சிரிப்பை இருமலாக்கினார்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன், இந்த வீல்களோடு ஏப்ரலில் நுவரெலியா மலைப் பந்தயத்தில் ஓடப்போகிறீர்களா என்று. ஆமாம் என்றார், மரியாதையாக. பிறகு அவள் பக்கம் திரும்பிக்கொண்டு அந்தக் கொடூரத் தமிழில் மறுபடியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம். ஒரு 'ஆமாம்' கிடைத்தது.

மார்ச் 12, செவ்வாய்

கல்விக் கந்தோரிலிருந்து டீச்சர் வேலைக்கான கடிதம் இல்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாதவளுக்கு வராது. தெரிந்தும் தபால்காரர் வளைவில் திரும்பும்வரை வாசலில் நிற்கிறேன்.

த. (அவளுக்கு ஓர் எழுத்து போதும்) பழைய லொறி அச்சை வெட்டிப் போல்ட்டு கடைகிறாள். வீலுக்கு நாலு, மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றிலும் மரை வெட்டியதும் மெஷினை நிறுத்தி, நட்டை விரலால் ஏற்றிப் பார்க்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு. தலையைக் கொஞ்சம் சாய்த்து. அந்தச் சாய்வைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பார்த்தேன்?

அப்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எப்புடி ஆயி?"

"இது கொஞ்சம் இறுக்கம்ப்பா. இன்னொரு தடவ விடணும்."

"விடு, விடு. நீ சொன்னா சரிதான்."

அவளை ஆயி என்கிறார். என்னை 'டீச்சரம்மா'. நான் டீச்சர் இல்லை.

எனக்குத் தெரிந்தவை: பழைய செய்யுள்கள் இருநூறு. ஐரோப்பா, இரண்டு யுத்தங்களுக்கு இடையில். பொருளாதாரம், பாதி.
அவளுக்குத் தெரிந்தது: ஒரு நட்டு போதுமா, போதாதா.

என் பட்டியலை அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்ச் 14, வியாழன்

த.வுக்குக் காய்ச்சல். நேற்று மழையில் நனைந்துகொண்டே பழைய போல்ட்டுகளைத் தட்டி எடுத்து, புதியவற்றை இறக்கினாள். பதினாறும். இன்று எழுந்திருக்க முடியவில்லை. அம்மா கொத்தமல்லிக் காப்பியும் கம்பளியுமாக அலைகிறாள்.

"வேலை செஞ்ச ஒடம்பு, பாவம்."

எனக்குக் காய்ச்சல் வருவதில்லை.

அவள் கடைந்த தட்டுகள் நான்கும் மேசையில். பெட்ரோல் போட்டுத் துடைத்து வெறும் இரும்பாக வைத்திருந்தாள். ஒரே இரவுப் பனியில் மெல்லிய துரு, தோலில் தேமல் படர்ந்த மாதிரி. அலமாரியில் தகரக் கதவுக்கு வாங்கிய வெள்ளிப் பெயிண்ட், கால் டின்.

பூசினேன். இரண்டு பக்கமும், துளைகளின் உள்விளிம்பும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். கைவிரலில் வெள்ளி. கழுவவில்லை.

இந்த வேலையில் என் கை எங்காவது பட வேண்டும் என்று இருந்தது. எழுதிவிட்டேன். சரி.

மார்ச் 15, வெள்ளி

வெயில். சின்னத்துரை காலையிலேயே வந்துவிட்டார். நாளை உடப்புசல்லாவைக்குப் போக வேண்டுமாம், வண்டி இன்றே வேண்டுமாம். த. கண் திறக்கவில்லை. அப்பா சட்டையை மடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, கொஞ்சம் கீழ வாறீங்களா? கையாளு வேணும்."

போனேன். ஓடினேன் என்பதுதான் சரி.

தட்டை நான் எடுத்துக் கொடுக்க, அவர் போல்ட்டுகளில் மாட்டினார். வீலை இரண்டு பேருமாகத் தூக்கினோம். நட்டை அவர் ஏற்ற, நான் சுற்றை எண்ணினேன். உரக்க. ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு, எட்டரை. எல்லாவற்றிலும் எட்டரை. அப்பாவின் மணிக்கட்டு வலித்தபோது ஸ்பேனரின் மறுமுனையை நானும் பிடித்தேன். கிரீஸ் வாசனை தலைமுடிவரை.

"இந்தப் பெயிண்டு யாரு வேல?"

"நான்தான்ப்பா."

"வெள்ளித் தட்டாட்டம் இருக்கு. தனத்துக்கு இந்த அழகெல்லாம் வராது."

தனத்துக்கு இந்த அழகெல்லாம் வராது. இரண்டாம் முறை எழுதிப் பார்த்தேன்.

சின்னத்துரை வண்டியைச் சுற்றி வந்தார். மொரிஸ் இப்போது காலை அகட்டி நிற்கும் காளை. "மிச்சம் நல்லது, ரொம்ப நல்லது," என்றார். என்னைப் பார்த்து.

மார்ச் 17, ஞாயிறு

த.வுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கண் குழி விழுந்திருக்கிறது.

"எத்தன சுத்து ஏறுச்சு?"

"எட்டரை."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

சிரித்தாள். தூங்கிவிட்டாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் பழைய எரிச்சல் மறுபடி தொடங்கியது. எட்டரை என்பது அவள் கடைந்த நீளம். நான் எண்ணினேன், அவ்வளவுதான். இரண்டு நாள் சந்தோஷம் ஒரு கிண்ணம் கஞ்சியில் போனது.

கடைத்தெருவில் காய்கறி லொறிகள். முட்டைக்கோவா விலை பற்றிய பேச்சு. மளிகைக் கடைக்காரர்: "தங்கச்சிக்கு எப்படி? அது இல்லாம கராஜே ஊமையாயிருச்சு."

நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். பருப்பு வாங்க மறந்து வந்துவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

மத்தியானம், தூறல். மொரிஸ் நடை வேகத்தில் வந்து நின்றது. முன் இடது வீல் வளைவில் தடதடவென்று அடித்ததாம். இறங்கிப் பார்த்தால் நட்டுகள் விரலாலேயே சுழன்றனவாம். நான்கு வீலிலும் தளர்வு. அந்தப் பக்கம் எண்ணூறு அடிப் பள்ளம் என்று சின்னத்துரை கையைக் கீழே காட்டினார். கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

அப்பா மேலே ஏறி வந்தார். த. கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம்.

"காய்ச்சலோடயா மரை வெட்டுன? ஒரு மனுசன் உசுரு போயிருக்கும்."

"மரையெல்லாம் சரியா இருந்துச்சுப்பா. நட்டு ஏத்திப் பார்த்தேன்ல."

"அப்ப எப்படி எளகும்?"

யோசித்தாள். "தட்டுக்கும் டிரம்முக்கும் நடுவுல ஏதாச்சும் இருந்துச்சா? இரும்பும் இரும்பும்தான் முட்டணும். நடுவுல ஒரு தாள் இருந்தாக்கூட போதும், ஓட ஓட அது நசுங்கி மெலிஞ்சிரும். நட்டு தானா எளகிரும்."

"என்ன இருக்கும்? நான்தானே மாட்டுனேன். ஒண்ணும் இல்ல."

என் நகக்கண்ணில் இன்னும் வெள்ளி. கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்பா அவளைத் திட்டிக்கொண்டிருந்தார், அது எனக்கு

மார்ச் 20, புதன்

நேற்றைய வாக்கியத்தை முடிக்கிறேன்: அது எனக்கு இனித்தது.

காலையில் அப்பா வீல்களைக் கழற்றினார். போல்ட்டுகளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டுகளை ஒரு வாளியில் போட்டு என்னிடம் தந்தார், கழுவி வைக்கச் சொல்லி. அவற்றைப் பார்த்தேன். போல்ட்டுத் துளைகளைச் சுற்றிப் பெயிண்ட் நசுங்கி, பால் ஆடைபோல் சுருங்கி ஓரத்துக்கு வந்திருந்தது. வேறு காரணமே தேவையில்லை.

சமையலறையில், மண்ணெண்ணெயும் தேங்காய்நாரும். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன். ஒன்று. இரண்டு. சுத்தமான இரும்பு. யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று.

கீழேயிருந்து அப்பாவின் குரல், பலகைச் சுவர் வழியாக:

"நுவரெலியால ஒரு ஆளு இருக்கான். திங்கக்கெழமையிலருந்து லேத்துக்கு வரச் சொல்லிட்டேன். நீ வீட்டோட இரு ஆயி. போதும்."

 அழுகிறாளா என்று காது கொடுத்தேன். இல்லை. உலோகச் சத்தம் மட்டும், ஒரே இடைவெளியில். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டை ஏற்றி, கண்ணை மூடி, இறக்கி, அடுத்தது. தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இல்லாததை.  பதினாறு முடிந்ததும் முதலாவதிலிருந்து மறுபடியும்.

அவள் இடம் எனக்கு வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அவள் இடம் காலியானால் அங்கே நிற்கப்போவது நுவரெலியாவிலிருந்து ஓர் ஆள்.

இது நல்ல காரணம் இல்லை. வேறு காரணம் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை. நான்காவது தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்பாவின் கையில் வைத்தேன்.

"நடுவுல இருந்தது இது. ரெண்டு பூச்சு. பூசினது நான். நேத்தே தெரியும்."

அப்பா நகத்தால் சுரண்டினார். தோலாக உரிந்து வந்தது.  பிறகு அவளிடம்:

"நான் கண்ணால பார்த்தேன் ஆயி. பார்த்துட்டு நானே மாட்டுனேன். ஒன்னையத் திட்டிட்டேன்."

"அக்கா, துரு புடிச்சா எமரி தாள் போட்டுத் தேய்க்கணும். இது என்ன சாமி கிரீடமா, வெள்ளி பூச?" என்றாள் த. காய்ச்சல் குளிரில் பல் கிடுகிடுக்கச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆள வேணாம்னு சொல்லிப்புடறேன். காய்ச்சல் விடட்டும், நீயே வந்து மாட்டு. மத்த தட்டெல்லாம் எங்க?"

"மேல," என்றேன். "தேய்ச்சிட்டேன்."

கேட்டது என்னை. பார்த்தது அவளை. போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார். நேற்றே தெரியும் என்று சொன்னேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டவாவது செய்திருக்கலாம்.

தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். மண்ணெண்ணெய் போட்டு அதையும் தேய்த்து முடித்தேன்.