பின் சீட்டில் ஐம்பத்திரண்டு கிலோ

தோகாமாச்சி
1980 டிசம்பர் 14

அன்புள்ள தொமியே,

வாசல் கம்பத்தில் பனி இன்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர். மற்றபடி நான் நலம். நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், "நல்லாருக்கோம், நீங்க சாப்பிட்டீங்களா" என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்கு எழுத்துதான் வசம்.

பேரனுக்கு ஐந்து வாரம் முடிந்துவிட்டது. "பிரசவம் முடிஞ்சு ஒரு மாசம்" என்றுதானே கசுயோ வீட்டுக்குக் கிளம்பினாய்? இருபதாம் தேதி ரயிலில் வந்தால், புத்தாண்டுக்கு முன் வீட்டைத் துடைக்க நாள் இருக்கும். ஸ்டேஷனுக்குக் கார் கொண்டு வருகிறேன்.

காரைப் பற்றி ஒரு செய்தி. பனிக்கான ஆணி டயர் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வியாழக்கிழமை கோயில் மேட்டில் பாதி ஏறியதும் பின் சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. இஞ்சின் முன்னால் இருக்கிறது, இழுக்கிற வேலையோ பின் சக்கரத்துக்கு. பின்னால் பாரம் இல்லாவிட்டால் அது எதைப் பிடித்து ஏறும்? பென்சிலை அழுத்தாமல் பிடித்தால் தாளில் கோடு விழாதே, அதுபோல. வந்த வழியே பின்னோக்கி இறங்கிவிட்டேன். கீழே அரிசிக்கடை செகிகுச்சி கடை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான்.

"என்ன சார், மூட்டை ஊருக்குப் போயிருச்சா?"

"நவம்பர்லயே போயிருச்சப்பா."

"அப்ப வசந்தம் வர்ற வரைக்கும் வாத்தியார் வண்டி மேட்டுக்குக் கீழதான்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நீ வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன், பொறுக்கவில்லை, எழுதிவிட்டேன்.

பின் சீட்டில் உன் இடத்துக்கு நீல நிறத்தில் புது மெத்தை தைத்து வாங்கிப் போட்டிருக்கிறேன். சரியாக இடது சக்கரத்துக்கு மேலே.

உன் வழி பார்த்திருக்கும்
ஹிசாவோ


ஷிசுவோகா
டிசம்பர் 22

கசுயோவின் அப்பாவுக்கு,

இங்கே பனியும் இல்லை, குளிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மலை முழுக்க ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறது. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். செகிகுச்சி வீட்டுக்கும் கொடுங்கள்.

நான் இருபதாம் தேதி வரவில்லை என்று கசுயோ போனில் சொன்னாள் அல்லவா? என்ன காரணம் என்று நீங்கள் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தைக்குச் சளி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சளி வந்தது உண்மை, போய்விட்டதும் உண்மை. இல்லாத சளியை எழுத மனசு வரவில்லை.

பனி உருகும்வரை இங்கேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எப்படி என்று இன்னும் தெரியவில்லை. "கிழக்கு ரூம் சும்மாதானே கிடக்கு, இங்கயே இருந்துடும்மா" என்கிறாள் கசுயோ. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு மாப்பிள்ளை கடற்கரைக்குக் கூட்டிப் போனார். நான் வழக்கம்போல் பின் கதவைத் திறந்தேன். "அத்தை, அங்க எங்க போறீங்க? முன்னால வாங்க, கடல் நல்லாத் தெரியும்" என்றார். முன்னால் உட்கார்ந்தேன். சாலை நம்மைப் பார்த்து ஓடி வருவது ஒரு வேடிக்கைதான். எதிரே சைக்கிளில் வருகிறவர் முகம்கூடத் தெரிகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று அடிக்கிறது போலிருக்கிறது என்று மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வடக்கு அறையில் ஊறுகாய்ப் பீப்பாய் இரண்டு இருக்கின்றன. சின்னதை முதலில் தீருங்கள். கூரைப் பனி தள்ளத் தனியாக ஏறாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

தொமியே


தோகாமாச்சி
1981 ஜனவரி 8

அன்புள்ள தொமியே,

வாசல் கம்பம் முழுகிவிட்டது. இனிமேல் கூரை விளிம்பிலிருந்து கீழே அளக்க வேண்டும். பனி இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் இருக்கும்.

புத்தாண்டுக்குச் செகிகுச்சியின் மனைவி அரிசி இடித்து மோச்சி பிடித்துக் கொடுத்தாள். நானே சூப் வைத்தேன், உப்பு கூடிவிட்டது. பழக்க தோஷத்தில் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கணக்கின் விடை தப்பாக வந்தால் எந்தப் படியில் தப்பு என்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அப்படித்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். என் குறட்டையா? முப்பது வருடமாக இருக்கிறது. மார்ச்சில் ஓய்வு பெற்றதிலிருந்து நாள் முழுதும் வீட்டில் கிடக்கிறேனே, அதுவா? நீ வெங்காயம் நறுக்கும்போது கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினேன், நினைவிருக்கிறது. அதுவாக இருந்தால் நிறுத்திவிடலாம்.

கார் மேடு ஏறிவிட்டது. டிக்கியில் முப்பது கிலோ அரிசி மூட்டை இரண்டு வைத்தேன், இரண்டாவது கியரில் மெல்லக் கிளம்பினேன், நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. மேலே வளைவில் மூட்டைகள் டிக்கிக்குள் சறுக்கி, காரின் பின்பக்கம் இடதுபுறம் வீசியது. பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கையும் இடதுபுறமே திருப்பினேன். அடம்பிடிக்கிற குழந்தையை எதிர்த்து இழுக்காமல் அது போகிற பக்கமே இரண்டடி நடந்து திருப்பிக் கொண்டு வருவோமே, அப்படி. கார் நேராகிவிட்டது. என்ன இருந்தாலும் மூட்டைக்கு உன்னைப்போல் இடம் பார்த்து அசையாமல் உட்காரத் தெரியவில்லை.

நான் செய்தது என்ன என்று எழுது. கோபமாக வேண்டுமானாலும் எழுது. 'அதற்குப் பிறகு எப்படி என்று தெரியவில்லை' என்ற வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஹிசாவோ


ஷிசுவோகா
ஜனவரி 14

கசுயோவின் அப்பாவுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். கோபம் இல்லை. கோபம் இருந்த காலத்தில் எழுதியிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

நாம் முதல் கார் வாங்கி இது பதினைந்தாவது குளிர்காலம். பதினான்கில், நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, நான் பின்னால்தான் உட்கார்ந்தேன். கசுயோ சின்னவள், எடை போதாது, அதனால் அவள் முன்னால். அதில் எனக்குக் குறை இல்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு முன் சீட்டில் உங்கள் தோல்பை உட்கார்ந்தது. "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காரு" என்பதைத் தவிர வழி முழுக்க வேறு பேச்சு கிடையாது. நான் ஏதாவது சொன்னால் இஞ்சின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது. இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு உங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

இதையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வருடம் ஐந்தாம் வகுப்புக்கு உராய்வுப் பாடம் எடுத்தீர்கள். நினைவிருக்கிறதா? கரும்பலகையில் காரை வரைந்து, பின் சீட்டில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 52 என்று எழுதினீர்கள். "இது எங்க வீட்டம்மா. இவங்க ஏறினா வண்டி மேடு ஏறும், ஏறலேன்னா ஏறாது. ஏன்?" என்று கேட்டீர்களாம். மறுநாள் மீன்கடையில் ஒரு பையன் என்னைக் காட்டி, "அதோ ஐம்பத்திரண்டு கிலோ" என்றான். வாரம் முடிவதற்குள் மீன்காரரே, "வாங்க ஐம்பத்திரண்டு கிலோ, இன்னிக்கு ஹெர்ரிங் புதுசு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் பிரியமாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததால்தான் இன்றுவரை மூட்டையாக இருக்கிறேன்.

அது கனத்த கோட்டோடு நிறுத்த எடை என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். என் எடை நாற்பத்தொன்பது.

உங்கள் டிசம்பர் கடிதத்தில் நீல மெத்தையைப் பற்றிப் படித்தபோதுதான் வர வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீங்கள் அதை அன்பாகத்தான் வாங்கியிருப்பீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருபது வருடம் அந்த மெத்தையில் உட்கார வேண்டுமே.

கிழக்கு அறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாள் கசுயோ. நான் இன்னும் அவளுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கழுத்துக்குத் துண்டு பின்னி அனுப்பியிருக்கிறேன். பிடரி குளிரும்.

தொமியே


தோகாமாச்சி
ஜனவரி 29

அன்புள்ள தொமியே,

பனி மூன்று மீட்டருக்கு மேல். ஊரில் எல்லாரும் மாடி ஜன்னல் வழியாகத்தான் போய் வருகிறோம், கார் போகிற சாலையை மட்டும் பனி தள்ளும் வண்டி திறந்து வைக்கிறது. ரயில் சில நாள் ஓடாததால் உன் கடிதம் இருபத்து மூன்றாம் தேதிதான் கைக்கு வந்தது. துண்டும் வந்தது. கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதுவது இடது கை, அதனால் கையெழுத்து ஐந்தாம் வகுப்புப் பையனுடையதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். அந்தப் பாடத்தை ஏன் அப்படி எடுத்தேன், நீ இல்லாமல் வண்டி நகராது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்றெல்லாம். படித்துப் பார்த்தேன். எல்லாம் விளக்கம். அடுப்பில் போட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி கூரைப் பனி தள்ளும்போது சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. ஆமாம், தனியாகத்தான் ஏறினேன். எலும்பு முறியவில்லை, பயப்படாதே. ஆஸ்பத்திரிக்குச் செகிகுச்சி என் காரை ஓட்டினான். முன் கதவைத் திறக்கப் போனேன்.

"அங்க இல்ல சார், பின்னால ஏறுங்க. அரிசி மூட்டைய நான் கடைக்கு எடுத்துட்டேன். மேட்டுக்குப் பாரம் வேணுமில்ல."

ஏறினேன். நீல மெத்தையில், இடது சக்கரத்துக்கு மேலே.

தொமியே, அங்கே ஹீட்டர் வருவதே இல்லை. பத்து நிமிடத்தில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. ஜன்னலில் உள்பக்கமே உறைபனி, வெளியே எதுவும் தெரியாது. செகிகுச்சியின் காது இரண்டும்தான் தெரிந்தன. கை வலிக்கிறது, மெதுவாகப் போ என்றேன். "என்ன சார்?" என்றான். திரும்பச் சொன்னேன். "ஆமா சார், பனி ஜாஸ்திதான்" என்றான்.

மேல் வளைவில் பின்பக்கம் வீசியது. அவன் அழகாக நிமிர்த்திவிட்டு, "பாத்தீங்களா சார், எப்படி நேராக்கினேன்?" என்று சிரித்தான். என் தலை கண்ணாடியில் மோதியிருந்தது. அவன் உட்கார்ந்த இடத்தில் அசையக்கூட இல்லை. கதவு வீசும்போது கீல் பக்கம் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, விளிம்பில் இருப்பவருக்குத்தான் முழு வீச்சும். மன்னித்துக்கொள், மறுபடி உதாரணம். ஆனால் இத்தனை வருடம் வண்டி வீசும்போதெல்லாம் நான் கீல் பக்கம் உட்கார்ந்து என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டிருந்தேன். விளிம்பில் நீ இருந்தாய். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டதாக நினைவில்லை. நீ வாய் திறந்து கத்தியதாகவும் நினைவில்லை. கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

திரும்பி வரும்போது செகிகுச்சியிடம், "இனிமே அவளை மூட்டைன்னு சொல்லாதே" என்றேன்.

"ஏன் சார், பேர் வெச்சதே நீங்கதானே?"

ஆமாம், வைத்தது நான்தான். கோட்டைக் கழற்றி நிறுத்துப் பார்க்காமலே கரும்பலகையில் எழுதியதும் நான்தான். வருந்துகிறேன், தொமியே.

டிக்கியில் மணல் மூட்டை இரண்டு வைத்து, சறுக்காமல் கயிறு போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன். முன் சீட்டில் பை இல்லை. வா என்று எழுதக் கை துடிக்கிறது. கிழக்கு அறையில் இருப்பதுதான் உனக்கு நிம்மதி என்றால் அதையும் எழுது. உன் கோட்டுகளையும் தையல் பெட்டியையும் நானே கட்டி அனுப்புகிறேன். இரண்டில் எதை எழுதினாலும் நான்கு தடவை படிப்பேன்.

ஹிசாவோ


ஷிசுவோகா
பிப்ரவரி 5

கசுயோவின் அப்பாவுக்கு,

உங்கள் இடது கை எழுத்து வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. அவசரப்படாமல் எழுதியிருக்கிறீர்கள். கசுயோவிடம் காட்டவில்லை. "என்னம்மா எழுதியிருக்கார் அப்பா?" என்றாள். "பனி எவ்வளவுன்னு எழுதியிருக்கார்" என்றேன்.

பதினான்காம் தேதி, ரயில் ஓடினால், மாலை நான்கு மணிக்கு வந்து இறங்குவேன். ஓடாவிட்டால் ஓடுகிற நாளில். குழந்தையை விட்டு வர மனமில்லைதான். அவனுக்கு அம்மா இருக்கிறாள். கிழக்கு அறையின் புதுத் திரையை வெயிலில் போட்டு மடித்து வைத்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்குக் கார் கொண்டு வாருங்கள். உங்கள் கை சரியாகாவிட்டால் செகிகுச்சி ஓட்டட்டும், நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். நான் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. கோயில் மேட்டில் வண்டி ஏறவில்லை என்றால், இந்த ஒரு தடவை மட்டும் என்று யாரும் என்னைப் பார்த்து ஆரம்பிக்கக் கூடாது. அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு நடந்து போவோம்.

இந்தப் பனியில் சாலையோர நடைபாதை ஓர் ஆள் அகலத்துக்குத்தான் இருக்கும். நான் முன்னால் நடப்பேன். முன்னால் போகிறவருக்குத்தான் பனியை மிதித்து வழி பண்ணுகிற பாடு, பின்னால் வருகிறவருக்குச் சுலபம் என்று விளக்கி எழுதப் போகிறீர்கள். எழுத வேண்டாம். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான். மிதித்துக்கொண்டு போகிறேன், நீங்கள் பின்னால் பேசிக்கொண்டே வாருங்கள். எனக்குக் கேட்கும்.

தொமியே