சுலி பூக்கும் வரை மாற்றாத ஆயில்

சுமூர்,
மே 3

அன்பு மகன் ஜிக்மெத்துக்கு அபா சொல்ல, உன் தங்கை குன்செஸ் எழுதுவது. மும்மணிகளின் அருளால் இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம், சண்டிகரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, பட்டறையில் கைவிரல்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவின் முட்டிவலி வெயில் வந்ததும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாம்பல் பசு கன்று போட்டது, பெண் கன்று. குன்செஸ் ஒன்பதாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிவிட்டாள், அவளுக்கு ஒரு நல்ல அகராதி வேண்டுமாம், வரும்போது வாங்கி வா. நான் வாயில் வந்தபடி சொல்வதை அவள் ஒழுங்குபடுத்தித்தான் எழுதுகிறாள், அதனால் எழுத்தில் என் குரல் இல்லையே என்று நினைக்காதே, சொல்வதெல்லாம் நான்தான்.

ஜீப் கணவாயின் குளிரில் நின்றுவிட்டது என்று போனில் உன்னிடம் சொன்னேன் அல்லவா. அது பொய். போன் பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள், அவர்கள் காதுபட உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன கோடையில் நீ வாங்கி வந்த ஆயில் டின்னை நான் வண்டிக்கு ஊற்றவே இல்லை. மூடியைத் திருகி ஒரு சொட்டு விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் போல ஓடியது, பட்டணத்தில் பையனை ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். குளிரில் உறையாமல் இருக்கத்தான் அது அப்படி இருக்கிறது என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். எனக்கு என் கெட்டி ஆயில்தான் ஆயில். தேநீரில் வெண்ணெய் கெட்டியாக மிதந்தால்தான் விருந்து என்று வளர்ந்தவன், இன்ஜினையும் விருந்தாளி போல நினைத்துவிட்டேன். ஜீப் ஸ்டாண்டில் கோன்சோக் கூட, அண்ணன் முறை வைத்து அச்சோ என்று கூப்பிட்டுக்கொண்டே கிண்டல் செய்வான், அச்சோ டுண்டுப், நீங்க வண்டிக்கு ஆயில் ஊத்துறீங்களா, இல்ல துக்பா காய்ச்சுறீங்களா, ஸ்பூன் போட்டா நிக்கும் போலிருக்கே என்று. தம்பி, ஒன் வண்டி காலைல இருமுறப்ப என் வண்டி பாடும், பொத்திக்கிட்டு இரு என்பேன். எப்படிப் பாடியது என்பது உனக்குத் தெரியும். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கெட்டி ஆயில் உறைந்து கிடந்த காலைகளில் ஒரு குவளை மண்ணெண்ணெயை அதில் ஊற்றி இளக்கினேன். இந்த வருடம் குளிர் விடவே இல்லை, ஒரு குவளை இரண்டாகி, இரண்டு நாலாகி, எத்தனை என்று நான் கணக்கு வைக்கவில்லை.

பிப்ரவரியில் நீ போன் செய்து சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அபா, ஆயில் குச்சிய இழுத்து அளவ மட்டும் பாக்காதீங்க, மோந்து பாருங்க, ரெண்டு விரல்ல தேச்சுப் பாருங்க, வழவழப்பு இல்லன்னா அன்னைக்கே இறக்கிடுங்க என்றாய். நான் தினமும் குச்சியை இழுத்தேன். மேல்கோடு வரை நிறைந்திருந்தது. நிறைந்திருக்கிற ஆயிலை எதற்கு மாற்ற வேண்டும் என்று திரும்பச் செருகினேன். அந்த நிறைவில் பாதி மண்ணெண்ணெய் என்று என் புத்திக்கு எட்டவில்லை. மோந்தும்தான் பார்த்தேன் மகனே, ஆனால் குளிர்காலம் முழுக்க நம் வீடும் கம்பளியும் என் தாடியும் அடுப்பு மண்ணெண்ணெயில் ஊறிக் கிடக்கும்போது அந்த வாசனை எதிலிருந்து வருகிறது என்று யார் கண்டது. அதோடு நம் வழக்கம் வேறு. சுலிப்பழ மரம் பூத்தால் குளிர்கால ஆயிலை இறக்கு என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா டிரைவரும் சொல்வது. மற்ற வருடங்களில் ஏப்ரல் முதல் வாரம் பூத்துவிடும். இந்த வருடம் மார்ச்சு கடைசியில் பனி விழுந்து மொட்டெல்லாம் மூடிக்கொண்டன. நான் இன்ஜினைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஏப்ரல் பதினான்காம் தேதி காலை மேல்வீட்டு புன்சோக் ஓடி வந்தான். அவன் மனைவி யாங்டோலுக்கு வலி கண்டு குழந்தை இறங்கவில்லை, டிஸ்கிட் ஆஸ்பத்திரி டாக்டர் உடனே லேவுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். பின் சீட்டில் மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்தோம், அவள் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கர்துங் ஊரைத் தாண்டி ஏற்றத்தில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு மினுக்கியது. வயர் லூஸ்தான் என்று டாஷ்போர்டைத் தட்டினேன், அணைந்தது, பிறகு அணையவில்லை. நின்று பார்க்க மனமில்லை, அவள் அப்படிக் கத்திக்கொண்டிருந்தாள். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலக் கேட்டது, அப்புறம் ஒரே முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. புன்சோக் ராணுவ முகாமுக்கு மேட்டில் ஓடினான். அவன் லாரியோடு திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. லேவில் யாங்டோலைக் காப்பாற்றினார்கள். குழந்தை, ஆண், மூச்சில்லாமல் பிறந்தது. ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று நர்ஸ் கேட்டாள். பிறகு ஜீப்பை இழுத்துப் போன பட்டறையில் ஆயிலை இறக்கியபோது தண்ணீர் போல வந்தது. இதுல வண்டியும் ஓட்டலாம், அடுப்பும் பத்த வைக்கலாம் என்று மெக்கானிக் சிரித்தான். பேரிங் எல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

ஊரில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கணவாய் யாரைத்தான் விட்டுச்சு என்கிறார்கள். யாங்டோல் எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தனுப்பினாள், அச்சோ அன்னைக்கு என் கைய விடாம பிடிச்சிருந்தாரு, அத மறக்க மாட்டேன் என்று சொல்லி. அந்தத் தயிரை நான் சாப்பிடவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் வைத்திருந்து புளிக்க விட்டேன். சுலி இப்போது பூத்திருக்கிறது. அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

மே 5. முந்தாநாள் இந்த இடத்தில் குன்செஸ் பேனாவை வைத்துவிட்டாள். அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா அபா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப இதுக்கு மேல நான் எழுத மாட்டேன் என்று எழுந்து போனாள்.

நேற்று போய்ச் சொன்னேன், அதன் பிறகே அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். மண்ணெண்ணெய்க் குவளை, குச்சி, நீ சொன்னதை நான் கேட்காதது, எல்லாம். யாங்டோல் தேநீர்க் கெண்டியைக் கையில் வைத்தபடி நின்றிருந்தாள். நான் பேசி முடித்தபோது என் கிண்ணம் காலியாக இருந்தது, அவள் நிரப்பவில்லை, உள்ளே போய்விட்டாள். புன்சோக் தரையைப் பார்த்தபடியே பேசினான். மலைதான் எடுத்துக்கிச்சுன்னு மனச ஆத்தி வச்சிருந்தேன் அச்சோ, மலை மேல கோவப்பட முடியாதுல்ல, இனிமே தெனம் உங்க வீட்டப் பாத்து எந்திரிக்கணுமே என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்று காலை நான் வாசலுக்கு வந்ததும் அவன் வாய்க்கால் மண்வெட்டியோடு வேறு வழியாகப் போனான்.

ஜீப்பை விற்கச் சொல்லிவிட்டேன், அதை ஓட்ட வருகிறேன் என்று நீ வேலையை விட்டு வராதே. பட்டறைக்கு என்னைப் போல ஒரு கிழவன் வந்து, எனக்குத் தெரியும், ஆயில் நெறஞ்சிருக்கு, ஒன் வேலையப் பாரு என்று சொன்னால், வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிடாதே. நீ என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னாய். அவனிடம் சண்டை போடு, சாவியைப் பிடுங்கிக்கொள், அடிக்க வந்தாலும் பரவாயில்லை, ஆயிலை இறக்கிவிட்டு அனுப்பு. மும்மணிகள் உனக்குத் துணை இருக்கட்டும், உன் கையால் யாருக்கும் கெடுதல் வராதிருக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவள் மேல்வீட்டுப் பக்கம் தண்ணீருக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

உன் அபா,
டுண்டுப்

(அபா சொன்னதில் எதையும் நான் விடவில்லை. குன்செஸ்.)