ஊர் எது என்று கேட்டீர்கள்

அக்கா,

இன்று காலை கொள்ளுப்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் அன்னாசி அச்சாறுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகாயும் வினாகிரியும் கலந்த, உங்கள் பையில் எப்போதும் இருந்த அந்த மணத்தில், நீங்கள்தான் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "கம கொஹெத நங்கி?" ஊர் எது, தங்கச்சி? என் கை தானாகவே பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.

பயிற்சி வகுப்பில் நமக்குச் சொல்லித் தந்த கேள்வி அது. பல இனக் குடும்பங்களோடு வேலை செய்யும் பிள்ளை நல உத்தியோகத்தர்களுக்கான வகுப்பு. "முதலில் சொந்த ஊரைக் கேளுங்கள். எந்த வீட்டிலும் மனம் திறப்பார்கள்" என்றார் பயிற்சியாளர். உங்கள் சிங்கள வீடுகளில் அது அன்பான கேள்வி. நீங்கள் அப்படியே நம்பினீர்கள்.

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறை. பேச்சு நின்றுபோன நாலு வயதுப் பையனும் அவன் அம்மாவும். நீங்கள் பாயில் உட்கார்ந்து, சிரித்தபடி, "கம கொஹெத?" என்றீர்கள். அந்தப் பெண் தலையணைக்குக் கீழிருந்து, கொழும்பில் தங்கும் தமிழர் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்து உங்கள் மடியில் வைத்தாள்.

"கொழும்புதான் மிஸ். கொழும்புதான்."

பையன் சுவரோடு போய் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தான், சோதனைக்கு நிற்பவனைப்போல.

படியிறங்கும்போது, "நங்கி, நான் ஊர்தானே கேட்டேன்?" என்றீர்கள்.

"எங்களிட்ட ஊர் கேக்கிறது ஆமிக்காரர்தான் அக்கா. பதில் சொன்ன சில பேர் வீடு திரும்பேல்லை."

அடுத்த முறை கதவு திறக்கவில்லை. இனி நம்மை உள்ளே விடமாட்டாள், பிள்ளை இப்படியே இருந்துவிடும் என்று பயந்தேன். நீங்கள் படியிலேயே உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்து, உங்கள் ஓட்டைத் தமிழில் தொடங்கினீர்கள்.

"என்ர ஊர் மாத்தறை. எங்கட வீட்டில நாய்கள் ஆறு பேர்."

"நாங்கள், அக்கா. நாங்கள்."

"ஓம், ஓம், நாய்கள். அப்பா, அம்மா, நாலு பிள்ளை."

உள்ளே அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தாழ்ப்பாள் விலகியது. அவள் சட்டைக்குப் பின்னாலிருந்து பையன் "வவ்" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு ஒருநாள், நீங்கள் ஏறிய பஸ்ஸில் குண்டு வெடித்தது. உங்கள் செத்த வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பந்தலில் யாராவது ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று நடுங்கினேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். எதுவும் கேட்கவில்லை.

இப்போது எந்த வாசலிலும் என் ஊரை முதலில் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். வீடுகளில் அது முடிகிறது. பஸ்ஸில் முடிவதில்லை. இன்றும், குடியிருக்கும் கொட்டாஞ்சேனையையே சொந்த ஊராகச் சொல்ல வாயெடுத்தேன். அச்சாறு மணத்தது.

"யாழ்ப்பாணம்" என்றேன்.

முன் இருக்கையில் இரண்டு தலைகள் திரும்பின. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். மற்றக் கை அட்டையை விடவில்லை, அக்கா.