நீ கேட்ட மவுஸ்

சால்டரிங் அயர்ன் சூடேறி ஈயம் உருகும்போது வரும் அந்தப் புகை வாசனை என் புடவைத் தலைப்பில் இன்னும் இருக்கிறது. இன்று பகல் உன் வீட்டில், உன் மேஜையில் உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது இரண்டு மாதமாகக் கேட்டாய். நான் சாக்குச் சொல்லியே தட்டிக்கழித்த வேலை அது.

நாம் கல்லூரியில் படித்த நாளில் கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். போனாலும் தொட விடமாட்டார்கள். அந்த ஆத்திரம் உனக்கு நாற்பத்தைந்து வயதிலும் ஆறவில்லை. அதே காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றை நம் கையாலேயே கட்டவேண்டும் என்றாய். பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சர், நான் பிசிக்ஸ். இரண்டாம் சனிக்கிழமைதோறும் நான் தென்காசியில் பஸ் ஏறி, ஐந்தருவி ரோட்டில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். பலாப்பலகையில் பெட்டி, பழைய டி.வி.தான் திரை. இங்கிலீஷ் பெரிய எழுத்துகளைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. பழைய மெஷின்களிலிருந்து பிடுங்கிய பட்டன்களைப் பலகையில் வரிசையாகப் பதித்துக் கீபோர்டு செய்தாய். கட்டைவிரலால் அமுக்கினாலும் வலிக்கும் பட்டன்கள். ஸ்பேஸ் பட்டனைச் சீசன் நேரத்துக் குரங்கு ஒன்று ஜன்னல் வழியாக வந்து பிடுங்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில் பற்பசை டியூப்பின் மூடியை ஒட்டினாய், கடைசிவரை அதுதான் ஸ்பேஸ்.

முதல் நாளே நான் கரண்ட் வயர்களை மாற்றிச் சொருகி மெயின் சிப்பை எரித்தது நினைவிருக்கிறதா? அது வந்து சேரவே ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, "அடுத்ததையும் நீயேதான்ட்டி மாட்டணும்" என்றாய். நான் மாட்டவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் நான் கை வைத்ததே இல்லை. டார்ச் அடிப்பேன், ஸ்குரு எடுத்துக் கொடுப்பேன், டீ போடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் பெட்டியே பேயாகிவிட்டது.

உனக்குக் கேன்சருக்கு மருந்து ஏற ஆரம்பித்த பிறகு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. பட்டனை அமுக்கினாயா இல்லையா என்றே உனக்குத் தெரியவில்லை. தீப்பெட்டி அளவு ஒரு சின்ன சர்க்யூட் பலகையை வரவழைத்து வைத்திருந்தாய். இந்தக் காலத்துக் கீபோர்டும் மவுசும் சொல்வதைக் கேட்டு, நம் கிழட்டுப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும் துபாஷி அது. மவுசுக்கான புரோகிராமையும் நீயே எழுதிவிட்டாய். திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்கும், உள்ளங்கையால் மவுசைத் தள்ளி எழுத்தின் மேல் அம்புக்குறியை நிறுத்தினால் போதும். ஈயம் வைக்க மட்டும் உன் விரலால் முடியவில்லை. "நீ மாட்டிக் குடுட்டி, கையால அமுக்க முடியல" என்றாய்.

நீ எழுதியதெல்லாம் அந்தப் பெட்டியின் நினைவில் இருந்தது. கரண்டை அணைத்தாலும் அதைக் காப்பது நாலணா அளவு பட்டன் பேட்டரி ஒன்றுதான். அது ஒரு நொடி விலகினால் அத்தனையும் போய்விடும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். சாரல் ஈரம், ஈயம் ஒட்டாது என்றேன். பேப்பர் திருத்தணும் என்றேன். "பயப்படுதியா?" என்று கேட்டாய். இல்லை என்று பொய் சொன்னேன்.

ஒருநாள் சொல்லாமல் வந்தேன். பென்சிலைத் தலைகீழாக முஷ்டியில் பிடித்து, அதன் பின்முனையால் ஒவ்வொரு பட்டனாகக் குத்திக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் பென்சிலைக் கீழே வைத்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "உனக்குத்தான் ஒண்ணு எழுதுதேன். நான் போன பொறவு வாசி" என்றாய். அதற்கும் நான் திரும்பவில்லை.

நீ போய் மூன்று மாதம் கழித்து உன் வீட்டுக்கார அண்ணாச்சி போன் செய்தார். "தங்கச்சி, பொட்டியில ஒரு பட்டனும் வேலை செய்ய மாட்டேங்கு. ஈரத்துல பச்சை பிடிச்சுப் போச்சு. வந்து பாருங்களேன்." வந்து பேட்டரியை மீட்டரில் அளந்தேன். வெகுவாக இறங்கியிருந்தது. புதுக் கீபோர்டை மாட்டினால்தான் நீ எழுதியதை வாசிக்க முடியும். மாட்டப்போய் அதை அழித்துவிடுவேனோ என்று ஒரு பயம். வாசித்தால் என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாயோ என்று இன்னொரு பயம். எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. மூன்று வாரம் தூக்கமில்லை.

இன்று போனேன். சுவர் பிளக்கைக் கழற்றினேன். பழைய கீபோர்டின் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, உன் துபாஷிப் பலகையில் ஈயம் வைத்தேன். ஒவ்வொரு வயருக்கும் மூன்று தரம் உன் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், டார்ச் அடிக்கும் வேலை இப்போது அவருக்கு. எல்லாம் முடிந்தது. பலகையை இறுக்கக் கடைசி ஸ்குருவைத் திருகினேன். ஸ்குரு டிரைவர் வழுக்கியது. பேட்டரி துள்ளி வெளியே விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

அண்ணாச்சி தரையில் குனிந்து துடைப்பக்குச்சியால் துழாவிப் பேட்டரியை எடுத்து, வேட்டியில் துடைத்து நீட்டினார்.

"போயிட்டு அண்ணாச்சி. எல்லாம் போயிட்டு."

"சரி, கரண்டைப் போட்டுப் பாருங்க."

"இனிமே என்னத்தப் பாக்க?"

"போடுங்க தங்கச்சி. சொல்லுதேன்லா."

அவர் குரலில் பதற்றமே இல்லை. மனைவி கடைசியாக எழுதியதை ஒருத்தி கண்ணெதிரில் அழித்திருக்கிறாள், இந்த மனுஷர் இப்படி இருக்கிறாரே என்று அதற்கும் பயந்தேன். பேட்டரியை வைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். பெட்டி விழித்ததும் வழக்கமாகத் திரையில் வரும் முதல் வரி வரவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் உன் தமிழ் வந்தது.

'அழிச்சிட்டியாட்டி? அழிப்பேன்னு தெரியும். அழாத. எல்லாம் சிப்புல பத்திரமா இருக்கு. Y தட்டு.'

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி, எழுதினதையெல்லாம் அழியாத சிப்பு ஒண்ணுல ஏத்தச் சொன்னா. அவ சொல்லச் சொல்ல நாந்தான் ஏத்துனேன். பொட்டி நினைவு அழிஞ்சாத்தான் இது வருமாம். உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னுட்டா."

புதுக் கீபோர்டில் நான் தட்டிய முதல் எழுத்து அந்த Y. நீ எழுதியது வரி வரியாக வந்தது. முழுவதையும் இங்கே எழுதமாட்டேன். ஒரு பகுதியை மட்டும் உனக்கே திருப்பிச் சொல்கிறேன். 'கோவம் உண்டு. இல்லன்னு சொன்னா நீ நம்பமாட்ட. பென்சிலால ஒவ்வொரு எழுத்தா குத்துதேன், எழுத்துக்கு ஒரு திட்டு உன்னைத் திட்டுதேன். ஆனா அன்னைக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னேல்லா, கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சுது. சாகப்போறது நான், என்னைவிட நீ பயந்துபோய் நின்ன. அதுக்குப் பொறவு திட்டல.'

அழுதேன். அண்ணாச்சி டீ போட எழுந்து போனார், வெகுநேரம் வரவில்லை.

பிறகு மவுசைச் சொருகி உன் புரோகிராமை ஓட்டினேன். எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்து நின்றன. உள்ளங்கையை மவுசின் மேல் வைத்து, விரலை உபயோகிக்காமல், நீ செய்திருக்கக்கூடிய விதமாகத் தள்ளினேன். அம்புக்குறி நகர்ந்தது. சொன்ன இடத்தில் நின்றது. ஒரு குழந்தைகூட அதில் எழுதலாம்.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது போகவில்லை. நீ கோபப்பட்டதும் மன்னித்ததும் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. உன் மேஜைக் கடிகாரத்தில் மணி பார்த்துத்தான் சுவர் பிளக்கைக் கழற்றினேன். அம்புக்குறி நகர்ந்தபோது மறுபடி பார்த்தேன். பேட்டரியைத் தேடியது, அழுதது, உன்னை வாசித்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டால், நீ கேட்ட வேலைக்கு ஆனது நாற்பது நிமிடம்.