மாஸ்டரின் நாக்கு

மார்ச் 3, திங்கள்

பிரஷர் நூற்றெண்பத்திரண்டு. டாக்டரம்மா கருவியை மாற்றி இன்னொரு முறை பார்த்தார். அதேதான். மாத்திரை ஏற்கெனவே இரண்டு ஓடுகிறது. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். அவனும் என்னைப்போல் கேன்டீன் சமையல் மாஸ்டர்தான், வேறு தொழிற்சாலையில். அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில் போய்விட்டான். எனக்கு இந்த வருடம் அதே வயது.

உப்பைக் குறைத்தால் பிரஷர் எவ்வளவு இறங்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. சேர்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 9

உப்புக் குறைத்த சாப்பாடு வைக்கோலைத் தின்பதுபோல் இருக்கிறது. என் மனைவியும் அதையேதான் சாப்பிடுகிறாள்.

மார்ச் 20, வியாழன்

ஒருநாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். உள்ளே போன உப்பு எவ்வளவு என்பது அதில்தான் தெரியுமாம். கேனைத் துணிப்பையில் சுற்றி வேலைக்குக் கொண்டுபோனேன். எனக்கு அடுத்த கையாக இருக்கும் சுருட்டையின் கண்ணில் பட்டுவிட்டது. "என்ன மாஸ்டர், ஜூஸா? எனக்கு இல்லையா?" சமையற்கட்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 7

கடை ரொட்டி வாயில் வைக்க முடியாமல் கரித்தது. ஆராய்ச்சிப் பெண்ணிடம் சொன்னேன். நாக்கு பழகிவிட்டது, நல்ல அறிகுறி என்று சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம். மடையன்.

ஏப்ரல் 10, வியாழன்

சூப் அப்படியே திரும்பி வந்தது. அறுநூறு பேர். "மாஸ்டர், உப்புக்கு இன்னிக்கு லீவா?" "வீட்டுல சண்டைன்னா எங்களை ஏன் மாஸ்டர் பட்டினி போடுறீங்க?"

எனக்குச் சரியாக இருந்ததே. சுருட்டை ருசி பார்த்துவிட்டு இரண்டு கை அள்ளிப் போட்டான். நான் நாக்கில் வைத்தேன் — கடல். எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்கள்.

இருபத்தாறு வருடமாக இந்த நாக்கை நம்பித்தான் சோறு. இப்போது அது என்னுடையதாக இல்லை.

ஏப்ரல் 15

நாக்கு போனால் தராசு இருக்கிறது என்று உப்பை நிறுத்துப் போட்டேன். பட்டாணி இன்று டின்னில் வந்தது. டின் பட்டாணி உப்புத் தண்ணீரில் ஊறி வரும். அது கணக்கில் வரவில்லை, நாக்கும் சொல்லித் தரவில்லை. எனக்கு எல்லாமே கரிப்புத்தானே, எது அதிகம் என்று எப்படித் தெரியும்? இரண்டு அண்டா சாக்கடையில் போனது. இந்த மாசக் கடைசி வரை பார்ப்பதாக மேனேஜர் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 21

வழி கிடைத்துவிட்டது. காலையில் யாரும் வருவதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பை நாக்கடியில் வைத்துக்கொள்கிறேன். மத்தியானம் இன்னொன்று. பழைய நாக்கு மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. இன்று ஒரு தட்டும் திரும்பவில்லை.

அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 23

ஒரு சிட்டிகை போதவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

உப்புத் தின்றவன் தண்ணி குடித்துத்தானே ஆக வேண்டும். நூற்றெழுபத்தெட்டு. போன கேனின் கணக்கைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, கேன்ல எல்லாம் தெரிஞ்சுடும். திட்ட மாட்டேன். எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க." என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "அண்ணியைப் போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வேணுமோ தின்னுங்க."

பார்க்க வேண்டுமா என்ன? அண்ணி இருக்கிற இருப்பு எனக்குத் தெரியாதா? வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும். எதை விட? ஏன்டா எனக்கு மட்டும் இப்படி?

ஏப்ரல் 30

மேனேஜர் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. கரண்டியைச் சுருட்டையின் கையில் கொடுத்துவிட்டு, காய் நறுக்கும் பக்கம் வந்துவிட்டேன். வாங்கிக்கொண்டான். ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

மே 6

வெங்காயம். கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

ஜூன் 12, வியாழன்

நூற்று நாற்பது. அவள் சீட்டை வாங்கித் தானும் ஒருமுறை படித்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

ஆராய்ச்சிக்காரர்கள் நேற்று கேன்டீனுக்கே வந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார்கள். இன்று மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு சுருட்டை வந்து என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தான். ஒரு கேரட்டை எடுத்தான், வைத்தான்.

"அண்ணே," என்றான். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டவனில்லை. "அந்த கேன்... எங்க குடுக்குறாங்க?"

இத்தனை நாள் அந்த ஜூஸ் ஜோக்குக்குத் திருப்பிச் சிரிக்கத்தான் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். என்னுடையதைவிட அதிகம்.

ஆராய்ச்சிப் பெண்ணின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். துணிப்பை ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மாதத்தில் சூப் திரும்பி வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கரண்டி அடுப்புமேடையில் கிடந்தது. எடுக்க அவனும் எழவில்லை, நானும் எழவில்லை. உருளைக்கிழங்கு இன்னும் அரை மூட்டை பாக்கி இருந்தது. கத்தி ஒன்றை அவன் பக்கம் தள்ளினேன்.