டாங்கிக்கு வைத்த சந்தனப் பொட்டு

பெட்டியைத் திறந்ததும் சந்தனம் மணந்தது. இரும்பும் மெஷின் எண்ணெயும் மணக்க வேண்டிய இடத்தில், பிரசாத இலையைப் பிரித்த மாதிரி ஒரு வாசனை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தெர்மோகோலுக்குள் அடைந்து கிடந்ததால் போகாமல் நின்றுவிட்டதோ என்னவோ. மூடியை மறுபடி மூடிவிட்டு எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு பொம்மை ராணுவ டாங்கியைத் திறக்கப் பயந்தவன் இந்தக் கரமனையிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

உன் மனைவி லலிதாதான் கொண்டுவந்து கொடுத்தாள். உன் வருஷாப்திகத் திவசம் முடிந்த கையோடு அவள் உங்கள் மகளோடு இருக்கப் புனேவுக்குப் போகிறாள். வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். "அண்ணா, இது உங்க ரெண்டு பேரோட சாமான். நான் இதை அங்க கொண்டுபோய் என்ன பண்ண? நீங்களே வெச்சுக்கோங்கோ" என்றாள். ஆறு கிலோ பெட்டியை மூன்று வீடு தள்ளி அவளே சுமந்து வந்திருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். இதற்குள்ளே இருப்பது ஓடாத டாங்கி, அதைக் கெடுத்தது உன் கை என்று சொன்னவன் நான். அது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அது வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். துர்காஷ்டமி. காலையில் பார்சல்காரன் மணியடித்ததும் நீ போன் செய்தாய். "வந்துடுத்துடா. சீக்கிரம் வா. நீ வராம திறக்க மாட்டேன் கேட்டியா." நான் வந்தபோது நீ ஹாலில் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி இருந்தாய். வலது கை தொடையின் மேல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் பெயர் சொன்ன வியாதிக்கு அப்போது எட்டு மாசம். நடையும் இழுக்கத் தொடங்கியிருந்தது. இந்த வயதில் உனக்கு எதற்கு டாங்கி என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "நாலு பேர் தள்ளினாலும் நகராத சாமானை ஒத்தை விரலால நகர்த்திப் பாக்கணும்டா. அவ்வளவுதான்."

முதலில் வெளிப்பெட்டி, அதற்குள் உள்பெட்டி, அதற்குள் தெர்மோகோல். அந்தத் தெர்மோகோல் கீச்சென்று கத்தியதில் லலிதா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தேன். ரிமோட், சார்ஜர், பீரங்கிக் குழலுக்கு ஒரு மூடி, குட்டிப் பையில் ஆணிகள், பெரிய தாளில் விளக்கம். காலேஜ் ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் பைல் பார்த்தவன் இல்லையா நான், தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். அதே காலேஜின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் அதே முப்பத்துமூன்று வருஷம் எல்லாவற்றையும் சரிசெய்தவன் நீ. தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டாங்கியைத் தூக்கிக் காதோடு வைத்து ஆட்டினாய். "உள்ளே என்னவோ அயஞ்சிருக்கு, லூசா ஆடறது" என்றாய்.

நீ சொன்னது சரிதான். சுவிட்சைப் போட்டு ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் வலது சங்கிலி மட்டும் ஓடியது. டாங்கி நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. மேல்மூடியைக் கழற்றினாய். இடது மோட்டாருக்குப் போகும் சிவப்பு ஒயர் விட்டுப்போய் அந்தரத்தில் நின்றது. நீ உன் பழைய சோல்டரிங் அயனை எடுத்துச் சூடு பண்ணினாய். ஆடுகிற கையில் சூடான அயன். "வேண்டாம்டா, கடையில கொண்டு குடுப்போம்" என்றேன். "ஒண்ணும் மிண்டாம வாயை மூடிண்டு இரு. வேலை குடுத்தா இது நிக்கும். சும்மா இருந்தாத்தான் ஆடும்" என்று சொல்லிக் கையை இறக்கினாய். நின்றது. அயன் பிடித்த கை கல் மாதிரி நின்றது. ஈயம் உருகி ஒரு சொட்டு விழுந்து, ஒயர் மோட்டாரோடு ஒட்டி ஈயப் பத்து விழுந்தது. இரண்டே விநாடி. நான் அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் மறந்தேன் என்பதுதான் விஷயம்.

அதற்கப்புறம் அது ஓடின ஓட்டம்! ஹாலிலிருந்து வாசல்வரை, வாசலில் கிடந்த என் செருப்பின் மேல் ஏறி இறங்கி, திரும்பி அடுக்களைவரை. லலிதா "ஐயோ, என் கோலத்தை அழிச்சுடாதேங்கோ" என்று கத்தினாள். நீ சோபாவில் சாய்ந்து இரண்டு கட்டைவிரலால் இரண்டு குச்சியையும் தள்ளிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தாய். பத்துப் பதினைந்து நிமிஷம். பிறகு நடு ஹாலில் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. "பேட்டரி தீந்துடுத்து. சார்ஜ்ல போடணும்" என்றாய். நான்தான் விடவில்லை. "இன்னிக்கு அஷ்டமி. சாயங்காலம் பூஜை வைக்கணும். எடுத்தப்புறம் சார்ஜ் போட்டாப் போறும்" என்றேன்.

இந்த ஊர் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டாம். அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் கருவிகளையும் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக் கூடாது. நம் இரண்டு வீட்டுச் சாமானும் வருஷா வருஷம் என் வீட்டில்தான். ஏனென்றால் எனக்குத்தான் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அன்றைக்கு உன் அயன், கரண்ட் பார்க்கும் உன் மீட்டர், என் பேனா, என் பஞ்சாங்கம் எல்லாவற்றுக்கும் நடுவில் டாங்கியை வைத்தேன். சுவிட்சை அணைத்தேன், அதில் நான் கெட்டிக்காரன். சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். குழல் நுனியில் ஒன்று, மேல் மூடியில் ஒன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. தூக்கிப் பார்த்தால் அடியில், சுவிட்சுக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு சின்னக் குழி. பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி இருந்தது. அதிலும் ஒன்று, கொஞ்சம் அழுத்தி. நீ கால் வலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டிருந்தாய். இருந்திருந்தால் கத்தியிருப்பாய்.

விஜயதசமி காலை பூஜை எடுத்ததும் நானே, டாங்கியைத் திருப்பிப் பார்க்காமல், அடியில் தடவிச் சார்ஜரைச் செருகினேன். முழுசாகப் போகவில்லை, புதுசு அல்லவா, இறுக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கத் தாளில், சிவப்பு என்றால் சார்ஜ் ஏறுகிறது, பச்சை என்றால் நிறைந்தது என்று போட்டிருந்தது. நீ மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். சுவிட்சைப் போட்டாய். ஒரு சத்தமும் இல்லை. குச்சியைத் தள்ளினாய். ஒன்றும் இல்லை.

"பச்சை எரியறது எனக்கு என்னவோ செரியாப் படலைடா. மீட்டர் வெச்சு ஒரு தடவை பாத்துடறேன்" என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாய். எடுக்கும்போது கை ஆடியது. ஆணியின் தலையில் அது உட்காராமல் இரண்டு தடவை வழுக்கி, பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை உன் கையிலிருந்து பிடுங்கினேன். "போறும்டா. சார்ஜ் நிறைஞ்சிருக்குன்னு தாள்ல எழுதியிருக்கு. கெட்டது நீ வெச்ச ஈயப் பத்துலதான். நடுங்கற கையை வெச்சுண்டு என்னத்துக்கு இந்த வேலை? இனிமே எதையும் தொடாதே" என்றேன்.

இப்போது சொல்கிறேன், அது கோபமே இல்லை. பயம். நீ ஆடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம். ஆறாம் கிளாசிலிருந்து கூட இருக்கிறவன் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறான், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இது வந்தது.

உன் முகம் சுண்டிப்போனது. "செரி" என்றாய். டாங்கியைத் துணியால்கூடத் துடைக்காமல், பொட்டும் பொடியுமாக அப்படியே தெர்மோகோலில் வைத்து மூடினாய். அதற்கப்புறம் நாம் பேசாமல் இல்லை. தினம் சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம், நீ நடக்கிறவரை. மழையைப் பேசினோம், பென்ஷனைப் பேசினோம், மூட்டு வலியைப் பேசினோம். டாங்கியைப் பற்றி மட்டும் இல்லை. உன் வீட்டில் ஒரு பியூஸ் போனதற்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உறைத்தது. உறைத்தும் சும்மா இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து மாசம் போனது. ஆடி மழையில் காய்ச்சல், நெஞ்சில் சளி, நாலே நாள். ஐ.சி.யூவில் நான் உன்னைப் பார்த்தபோது உன் கை ஆடவில்லை.

முந்தாநாள் அந்தப் பெட்டியை இரண்டாம் முறை திறந்தேன். டாங்கியைத் தூக்கித் திருப்பினேன். பொட்டுகள் காய்ந்து விரிசல் விட்டிருந்தன. சார்ஜரைச் செருக ஓட்டையைத் தேடினேன். ஓட்டையைக் காணோம். அங்கே ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது, நடுவில் சார்ஜர் முனை அழுந்திய தடத்தோடு.

உனக்கு நான் என்ன சொல்ல. சார்ஜரைப் பிளக்கில் மாட்டி, எதிலும் செருகாமல் கையில் பிடித்துப் பார்த்தேன். பச்சை எரிந்தது. ஒன்றிலும் சேராமல் சும்மா கிடந்தாலும் அதில் பச்சைதான் எரியும். தாளில் அது போடவில்லை. நீ மீட்டர் வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாய். ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கடுகளவு தூள். சார்ஜர் இப்போது சொடக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. விளக்கு சிவந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன், மறைக்கவில்லை.

நாலு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இடது மோட்டாரில் நீ வைத்த ஈயப் பத்து அன்று போலவே பளபளவென்று, ஒரு குண்டூசித் தலை அளவில் இருந்தது. ஒயரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

டாங்கியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சாமானெல்லாம் கட்டி ஹால் காலியாக இருந்தது. லலிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "இப்போ ஓடறதா?" என்று மட்டும் கேட்டாள். தரையில் வைத்துக் குச்சியைத் தள்ளினேன். இரண்டு சங்கிலியும் சேர்ந்து உருண்டன. கிழப் பேட்டரி, நடு ஹால்வரைதான் போயிற்று. அன்று நின்ற அதே இடத்தில் நின்றது.

அப்போதுதான் அவள் சொன்னாள். "அன்னிக்கு ஆத்துக்கு வந்ததும் அந்த அயனையும் மீட்டரையும் எடுத்து, பழைய இரும்பு வாங்க வர ஆக்ரிக்காரன்கிட்ட போட்டுட்டார் அண்ணா. ஏன்னு சண்டை போட்டேன். கை கெட்டுப்போச்சுடி, அவன் சொன்னா செரியாத்தான் இருக்கும், அவன் பாத்ததுல தப்பு வராதுன்னார். அதுக்கப்புறம் சட்டைப் பித்தானும் நான்தான் போட்டு விடணும்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பி தரட்டுமா என்று கேட்டாள், டம்ளரையெல்லாம் கட்டி வைத்துவிட்டது நினைவு வந்து கட்டின பெட்டிகளைப் பார்த்தாள்.

டாங்கி இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. சுரண்டி எடுத்த அந்தக் கடுகளவு சந்தனத்தைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாசம் பூஜை வைக்க வேண்டும். என் கையால் இனி எதற்கும் பொட்டு வைக்கப் போவதில்லை.

நீ வைத்த ஈயப் பத்தில் ஒரு குறையும் இல்லை. உன் கை சரியாக இருந்தது. இதைச் சொல்ல வேண்டிய அன்று நீ என் எதிரில்தான், மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாய்.